கடைசிப் பாய்

திருவள்ளூர்,
12.1.2003

அன்புள்ள சாராளுக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலம் விசாரிப்பதற்கு முன்பே இப்படித் தொடங்குவதற்கு மன்னித்துக்கொள். இங்கே நானும் உன் அண்ணி குணசுந்தரியும் சுகம். அவளுடைய முட்டிவலி மட்டும் பனி குறையும்வரை இருக்கும். நீயும் பிரின்சியும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் சபை மூப்பர் ஆசீர்வாதம் என்பவர் எனக்கு எழுதியிருக்கிறார். உன் கணவர் ஞானஸ்நானம் கேட்டிருக்கிறாராம். உங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவனால் அடிபட்ட குடும்பம் அவனைக் குறித்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அவனை முழுக்குக்கும் திருவிருந்து அப்பத்துக்கும் சேர்ப்பார்களாம். நம் வீட்டில் அப்பா இல்லாததால் அந்த வார்த்தையை என்னிடம் கேட்கிறார்.

வார்த்தைக்கா பஞ்சம்? உன் கல்யாணப் பந்தியில் கறி போதவில்லை என்று இலையை எட்டி உதைத்தவர் ஜெயராஜ். அப்பாவின் அடக்கத்துக்குக் குடித்துவிட்டு வந்து, குழியருகே நின்று சிரித்தவர். என் பள்ளிக்கூட வாசலில் வந்து, பிள்ளைகள் காதுபட என்னை ‘இன்னா வாத்தியாரே’ என்று கூப்பிட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, உன் கையை முறுக்கி ஒடித்தவர். நீ அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து நின்ற சாயங்காலம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

அவருக்காக நான் எந்த வார்த்தையும் தருவதாக இல்லை. இதை உன்னிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
சற்குணம்


புதுவாயல்,
24.1.2003

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சாராள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். அண்ணியின் முட்டிக்கு நொச்சித்தழை வதக்கிக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் பேசலாம் என்று நினைத்தேன். எதிர்வீட்டில்தான் போன் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் அந்த அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் நடந்ததுதான். நான் ஒன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இரும்பு உருக்கும் ஃபர்னஸ் வேலை முடிந்து ஷெட்டிலிருந்து எல்லோரும் கடைக்குப் போகும்போது இவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வருகிறார். ‘இன்னாடா ஐயரே’ என்று கிண்டல் செய்கிறார்களாம். ‘ஐயரும் இல்ல, பாதிரியும் இல்ல, பொண்டாட்டிக்கு பயந்தவன்டா’ என்று சிரித்துவிட்டு வந்துவிடுகிறாராம்.

சபையில் நாங்கள் பாயில்தான் உட்காருவோம். இன்னும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களுக்குக் கடைசிப் பாய். அப்பத் தட்டு அங்கே வராது. ஒரு வருடமாக அவர் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று வந்த பையன்கள்கூட முன்பாய்க்குப் போய்விட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நல்லது.

அண்ணா, நான் உங்கள் வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மறுநாள் காலையைப் பற்றி எழுதவில்லை. பரவாயில்லை. நானும் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
சாராள்


திருவள்ளூர்,
9.2.2003

அன்புள்ள சாராளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நொச்சித்தழை யோசனைக்கு நன்றி. திருப்பாச்சூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவன் கொண்டுவந்து கொடுத்தான். வலிக்குக் கொஞ்சம் கேட்கிறது என்கிறாள் குணசுந்தரி.

உன் கணவர் திருந்தியதை நான் மறுக்கவில்லை. என் சிக்கல் வேறு. ஒருவன் செய்த குற்றத்தை இன்னொருவர் சுமந்து தீர்த்துவிட்டார் என்கிறீர்கள். நான் சிறுவயதிலிருந்து கேட்ட பிரசங்கம்தான். எனக்கு என்றைக்குமே அது நியாயமாகப் படவில்லை. என் வகுப்பில் ஒருவன் கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டு, அதற்கு வேறொருவன் முட்டிபோட்டால் நான் சம்மதிப்பேனா? உடைத்தவன் அதோடு சுத்தமாகிவிடுவானா? சிலுவையில் தொங்கியவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எனக்குப் பதிலாக யாரும் எதையும் சுமக்க வேண்டாம். என் கணக்கை நானே பார்த்துக்கொள்வேன்.

அதைவிட எரிச்சலூட்டுவது உங்கள் ‘இரட்சிப்பின் நிச்சயம்’. போன வருடம் கடம்பத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் உன் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘மச்சான், இன்னிக்கி ராத்திரி செத்தாலும் நேரா பரலோகம்தான், நீங்க?’ என்று கேட்டார். ஒடித்தவருக்கு நிச்சயம், ஒடிந்தவளுக்குக் கோணல் கையா என்று நாக்கு நுனிவரை வந்தது. பந்தியில் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

நான் திருவிருந்துக்குப் போகாததும் இந்தக் கொள்கை வேறுபாட்டால்தான். குணசுந்தரி வேறு ஏதோ காரணம் என்கிறாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவியை மறுபடி என்னைத் தாண்டி ஒரு இளையவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டிக்காரர்கள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. பிரின்சியைக் கணக்கில் கவனமாக இருக்கச் சொல்.

சற்குணம்


புதுவாயல்,
3.3.2003

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு ஆசீர்வாதம் எழுதுவது. உங்கள் குடும்பத்தின் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

என் முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. உங்கள் மௌனத்தை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்டவர்களை அவசரப்படுத்தக் கூடாது. பாவத்தை மன்னிப்பது ஆண்டவர் செய்கிற காரியம், அதில் எங்களுக்கு வேலை இல்லை. ஆனால் அடிபட்டவர்களைக் கேட்காமல் அடித்தவரின் கையைப் பிடித்து முன்னே உட்கார வைக்கிற துணிச்சல் எங்கள் சபைக்கு இல்லை. அதனால்தான் இந்த வழக்கம்.

சகோதரி சாராளிடம் கேட்டுவிட்டோம். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். உங்கள் வார்த்தை மட்டும் பாக்கி. உயிர்த்தெழுந்த பண்டிகையன்று முழுக்கு வைத்திருக்கிறோம். நீங்கள் வேண்டாம் என்றால் அவர் காத்திருப்பார்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
ஆசீர்வாதம்


திருவள்ளூர்,
20.3.2003

மதிப்பிற்குரிய மூப்பர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நலம்.

எழுத்தில் வார்த்தை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நேரில் வருகிறேன். ஞானஸ்நானத்துக்கு முன் அவரவர் சாட்சி சொல்வார்கள் என்று அறிகிறேன். என் தங்கைக்கு நடந்தது முழுவதையும், ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் குறைக்காமல், அத்தனை பேர் முன்னிலையிலும் ஜெயராஜ் சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து நின்று என் சம்மதத்தைச் சொல்கிறேன். உண்மையில் ஒரு நூல் குறைந்தாலும் எழுந்து போய்விடுவேன்.

இப்படிக்கு,
அ. சற்குணம், எம்.எஸ்ஸி., பி.எட்.


புதுவாயல்,
2.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு சாராள் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் பண்டிகைக்கு வருவதாக மூப்பர் சொன்னார். பெரியபாளையம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் ஜங்ஷனிலேயே இறங்கலாம். சபை, டயர்க்கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கட்டடம்.

நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களாமே. அண்ணா, நன்றாக யோசித்துத்தான் எழுதினீர்களா?

சாராள்


புதுவாயல்,
15.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு சாராள் எழுதுவது. இங்கே சுகம். அண்ணிக்கு முட்டி எப்படி இருக்கிறது?

பண்டிகை முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. சாப்பிட்டுக் கை கழுவப் போன நீங்கள் திரும்பி வரவே இல்லை. அண்ணியை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். கோபமா, உடம்பு சரியில்லையா என்று தெரியவில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

சாராள்


திருவள்ளூர்,
29.6.2003

அன்புள்ள சாராளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ அன்று பெண்கள் பக்கம் முக்காடு போட்டுக்கொண்டு குனிந்திருந்தாய். என் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

உன் கணவர் மைக்கைப் பிடித்ததும் ‘ஹலோ, ஹலோ’ என்று தட்டிப் பார்த்தார். மைக் பிடிக்க அவருக்கு ஆசை என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு கையை ஒடித்ததைச் சொன்னார். குடியைச் சாக்காகச் சொல்லவில்லை. ‘குடிச்சிருந்தேன், ஆனா தெரிஞ்சிதான் முறுக்கினேன்’ என்றார். அடுத்து என் முறை என்று தெரிந்துவிட்டது. நடந்தது முழுவதையும் சொல்லச் சொன்னவன் நான்தானே. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வழியெல்லாம் பாய், பாயெல்லாம் ஆள்.

அப்போது அவர் சொன்னார்: ‘இவ அண்ணன் ஊட்டுக்கு ஓடிட்டா. மறுநாள் காலைல நான் திருவள்ளூர் போனேன். மச்சான் வாசப்படில குறுக்க நின்னாரு. என் தங்கச்சிய உடமாட்டேன்னாரு. அந்தப் படிச்ச மனுஷன கீழ தள்ளிட்டு இவள இஸ்துக்கினு வந்தேன். அந்தப் பாவமும் என் தலைலதான்.’

எல்லோரும் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். மூப்பர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, ‘எனக்குச் சம்மதம்’ என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் பேசுகிற குரல்.

பம்புசெட் தொட்டியில் முழுக்கு முடிந்ததும் சாப்பாடு. யாரோ ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீதானா நைனா அந்த அண்ணன்? உன்ன மாதிரி ஒருத்தன் எல்லா ஊட்லயும் இருந்தா பொண்ணுங்க ஏன் அழுவுது’ என்றார். அஞ்சம்மாள் என்று ஒரு அம்மா வாளியோடு வந்து, ‘அண்ணனுக்குப் போடாம யாருக்குப் போட்றது’ என்று என் இலையில் கறியை இரண்டாம் முறை வைத்தார். குணசுந்தரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தக் காலையில் உனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தானே. நான் அந்தக் கறியைச் சாப்பிட்டேன், சாராள். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அவருக்கு உண்மை தெரியாதா? நீ அவரிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? இதை மட்டும் எழுது.

சற்குணம்


புதுவாயல்,
13.7.2003

அண்ணனுக்கு சாராள் எழுதுவது. சுகம்.

அவருக்குத் தெரியும். நான் திரும்பி வந்த அன்றைக்கே, யாருடன் வந்தாய் என்று கேட்டார். அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட்டார் என்றேன். ‘பாத்தியா, உங்க அண்ணனே அனுப்பிட்டான்’ என்று அன்றைக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். மைக்கில் அதை மாற்றிச் சொல்லப் போகிறார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாது. முக்காட்டுக்குள்ளே எனக்கு எரிந்தது.

நீங்கள் எழுதாததை நான் எழுதிவிடுகிறேன். என்னை நீங்கள் ஒரு இரவு வைத்துக்கொண்டீர்கள். விடிந்ததும், ‘பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது, இந்த நேரத்தில் நீ இங்கே நின்றால் ஊர் பேசும், நானே வந்து அவரிடம் பேசுகிறேன்’ என்றீர்கள். பஸ் ஏற்றிவிட்டு, பன் வாங்கிக் கொடுத்து, ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், ஜன்னல் சீட்டாகப் பார்த்துக் கொடுங்கள்’ என்று கண்டக்டரிடம் சொன்னீர்கள். நீங்கள் வந்து பேசவே இல்லை. கட்டுப் போட அவர் என்னை வெளியே விடுவதற்குள் பல நாள் ஆகிவிட்டது. அதனால்தான் எலும்பு கோணலாகக் கூடியது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களை மன்னித்தேனா என்று கேட்டால், ஒரு காலத்தில் தினமும் மன்னித்தேன். பிறகு வேலை வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் உங்கள் குற்றத்தை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார். நீங்கள், ‘அவர் ஏன் எடுத்தார்’ என்று என்னைக் கேட்கிறீர்கள். இரண்டு பேரும் என் கையை வைத்துத்தான் பேசுகிறீர்கள். எடுப்பதற்கு முன் என்னைக் கேட்டாரா? அனுப்புவதற்கு முன் நீங்கள் கேட்டீர்களா? இந்தக் கை மேலே எழாததால் பரணில் இருக்கிற டப்பாவை இன்றைக்கும் நான் ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சாராள்


புதுவாயல்,
3.8.2003

மச்சான் அவுங்களுக்கு ஜெயராஜ் எழுதுறது. நல்லா கீறீங்களா? அக்கா முட்டி இன்னா ஆச்சு? நான் படிச்சது மூணாங்கிளாஸ், பேசுற மாதிரிதான் எழுத வரும். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிக்காதீங்க.

நான் சபைல சொன்னது பொய்யி. சாராள் என்னாண்ட பத்து நாள் பேசல. அப்பறம் பேசினா, அதுக்கு பேசாமயே இருந்துருக்கலாம். ‘ஏசுவ சாமின்னு சொல்லிக்கினு அவரு எடத்துலயே பொய் சொல்லிட்டு வந்தியே, நீ இன்னா மனுஷன்’னு கேட்டா. பேஜாரா போச்சி.

நான் இன்னா நெனச்சேன்னா, மச்சான் அத்தன பேரு முன்னாடி தலை குனிஞ்சா நல்லாவா இருக்கும். என் பாவம் ஒரு வண்டி கீது. அதோட இன்னொரு மூட்டைய போட்டா இன்னா, எல்லாத்தையும் ஏசு செமந்துட்டாருன்னு நெனச்சேன். அப்பறம்தான் தோணிச்சி, செமக்குற அளவுக்கு நான் யாரு? சாமி செஞ்சத நான் செய்யப் பாத்தேன். கொஞ்சம் பெருமையும்தான் மச்சான். மறைக்க மாட்டேன்.

மூப்பராண்ட போயி பொய் சொன்னேன்னு ஒத்துக்கினேன். எது பொய்யின்னு கேட்டாரு. அத சபைல நின்னு திருத்தணுமாம். திருத்துனா உங்க பேரு வரும். முடியாதுன்னுட்டேன். சரி, அப்ப பின்னாடி குந்துன்னுட்டாரு. நியாயம்தான். அதனால இப்ப திருப்பியும் கடைசிப் பாய். தட்டு வரல. சாராளும் முன்பாய உட்டுட்டு என்கூட வந்து குந்திக்கினா. போன்னாலும் போவல.

இத உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவதான் எழுதியே ஆவணும்னா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. பரலோகம் போறதுல எனக்கு இப்பவும் சந்தேகம் இல்ல. பாய் எதுவா இருந்தா இன்னா.

இப்படிக்கு,
உங்க மாப்ள ஜெயராஜ்


திருவள்ளூர்,
7.9.2003

மதிப்பிற்குரிய மூப்பர் ஆசீர்வாதம் அவர்களுக்கும் புதுவாயல் சபையாருக்கும்,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதவில்லை.

வருகிற ஞாயிறு, அப்பம் பிட்கும் முன் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் சபையில் வாசிக்க வேண்டுகிறேன்.

பண்டிகையன்று சகோதரர் ஜெயராஜ் சொன்ன சாட்சியில் ஒரு பகுதி பொய். அவர் சொன்ன அந்தக் காலையில் அவர் திருவள்ளூருக்கு வரவே இல்லை. சாராளின் அண்ணனைத் தள்ளவும் இல்லை. ஒடிந்த கையோடு தஞ்சம் கேட்டு வந்த தங்கையை, மறுநாள் காலை அந்த அண்ணனே கூட்டிக்கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டான். ஊர் பேசும் என்ற பயம், உத்தியோகத்தில் பெயர் கெடும் என்ற பயம். கண்டக்டரிடமும் பொய் சொன்னான். வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. அவள் கை கோணலாகக் கூடியதில் ஜெயராஜுக்கு எவ்வளவு பங்கோ, அவனுக்கும் அவ்வளவு பங்கு. முழு உண்மையையும் சொல்லச் சொல்லி மிரட்டியவனும் அவனே. பொய்யைக் கேட்டு எழுந்து நின்று சம்மதம் சொன்னவனும் அவனே.

ஆகவே கடைசிப் பாயில் உட்கார வேண்டியது ஜெயராஜ் அல்ல. அவருடைய பொய் இத்துடன் திருத்தப்பட்டது. அவரை முன்னால் அழைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் குற்றத்தை இன்னொருவர் சுமப்பது நியாயம் இல்லை என்று நான் வருடக்கணக்காக வாதாடியிருக்கிறேன். அது நியாயமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வாதாடியபோது, சுமத்துகிற இடத்தில் நான் நிற்பேன் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். சுமக்கிறவரின் முகத்தைப் பார்த்த பிறகு வாதம் வாயில் நிற்கவில்லை. அந்த முகம் நான் வெறுத்த முகமாக இருந்தது. விடுதலை என்றால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கம்தான் வந்திருக்கிறது. ஜெயராஜ் சொல்கிற நிச்சயம் எனக்கு இன்னும் இல்லை. வந்தால், இந்த வெட்கத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிவில் பெயரையும் பட்டத்தையும் எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை. பெயர் போட்டால், துணிந்து ஒப்புக்கொண்ட மனிதர் என்று நல்ல பேச்சு வரும். அது எனக்கு வேண்டாம். பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முக்கியமான காரணம் வேறு. அந்தக் காலையில் ஒரு வார்த்தைகூட அவளைக் கேட்காமல் அவளுக்காக நான் முடிவெடுத்தேன். இந்த முறை அவளைக் கேளுங்கள். இதை எழுதியவன் யார் என்று சபையில் யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் சாராள். என் அண்ணன் என்று சொல்வதும், யாரோ தெரியாது என்று விட்டுவிடுவதும் அவள் விருப்பம். அவள் எதைச் சொன்னாலும் அது சரி.

கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.